வசனத்தை அதன் வீட்டிலேயே போய்ப் பாருங்கள்

அத்தான் ஜவுளிக்கடை திறந்தபோது சுவரில் மாட்ட ஒரு வசனம் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” யோபு 8:7. கிறிஸ்தவர் கடைத் திறப்புக்குப் போனவர்கள் இந்த வரியை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். கறுப்பு வெல்வெட்டில் பொன்னிற எழுத்து, மேலே கண்ணாடி, சுற்றிலும் தேக்குச் சட்டம், எல்லாம் என் செலவு.

ஐயர் (எங்கள் சபைப் போதகர்) ஜெபித்து முடித்து, எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் சபையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அந்தச் சட்டத்தின் முன் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். “பில்தாத் சொன்னது” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருடைய ஒரே மகன் சாலை விபத்தில் போனவன். அது எனக்குத் தெரியும். பில்தாத் யார் என்பதுதான் தெரியாது. அன்றிரவு யோபு எட்டாம் அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம், ‘உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள்’ என்கிற தொனியில் தொடங்குகிறான் யோபின் நண்பன் பில்தாத். ‘நீ சுத்தமானவனாக இருந்தால் தேவன் உன்னைக் கவனிப்பார்’ என்று தொடர்கிறான். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் நான் வெல்வெட்டில் எழுதிக் கொடுத்த வரி.

வேதத்தைப் பற்றிக்கொண்டு வாழவேண்டும் என்று புதிதாகத் தீர்மானித்திருப்பவர்களுக்கு, அந்த இரவிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், என்னைப்போல் ஞாயிறு பள்ளியிலிருந்தே வந்துகொண்டிருந்தும் துணுக்குத் துணுக்காக மட்டுமே வேதம் அறிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் புத்தகம்

சபையில் வாசிக்கப்படுவது எந்த மொழிபெயர்ப்போ அதில் ஒன்று கையில் இருக்கட்டும். பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் அது பழைய திருப்புதல். ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871-இல் முழுமையாக வெளிவந்தது. அதற்கும் முன்னால் பெரிய வரலாறு உண்டு. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பிறகு பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு வந்தது. அவர் ‘பராபரன்’ என்று எழுதிய இடத்தில் பவர் குழு ‘தேவன்’ என்று எழுதியது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது.

என் யோசனை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடத்துக்கும் சபையோடு சேர்ந்து வாசிக்கவும் பழையது. புரியாத இடத்தில் எட்டிப்பார்க்கத் திருவிவிலியம். புத்தகப் பெயர்கள் மாறியிருப்பதைக் கண்டு மிரளவேண்டாம். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், உபாகமம் அங்கே இணைச் சட்டம். பழைய திருப்புதலை வாங்கும்போது கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து ஒத்துவாக்கியப் பதிப்பாக வாங்குங்கள். ஒரு வசனம் வேதத்தில் வேறு எங்கெல்லாம் எதிரொலிக்கிறது என்பதைச் சிறிய எழுத்தில் காட்டும் பதிப்பு அது. அதன் உபயோகம் பின்னால் வரும்.

எங்கே தொடங்குவது

புத்தாண்டில் ஆதியாகமத்தில் தொடங்குவார்கள். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23, வருடத்துக்கு 1196, முடித்துவிடலாம். கணக்கில் தவறில்லை. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 முடிந்து ஜனவரிக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். பலிகள், தொழுநோய்ச் சட்டங்கள், வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் வரும். அங்கேதான் பலருடைய தீர்மானம் படுத்துவிடுகிறது. என்னுடையது நான்கு வருடம் அதே இடத்தில் படுத்தது.

ஆகையால் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம். பிறகு ஆதியாகமம், அப்போஸ்தலர், சங்கீதங்களில் சில, பிலிப்பியர் போன்ற ஒரு சிறிய நிருபம் (கடிதம்). லேவியராகமத்துக்குப் பிறகு வாருங்கள், ஆனால் கட்டாயம் வாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் போதும். ஒரே நிபந்தனை, தொடங்கிய புத்தகத்தை வரிசையாக முடிக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தை ‘இன்றைக்கு ஆண்டவர் எனக்குக் கொடுத்தது’ என்று எடுத்துக்கொள்வதை விட்டுவிடுங்கள். சீட்டெடுக்கும் கிளியை நாம் கேலி செய்கிறோம். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கவில்லை.

மூன்று கேள்விகள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எந்த வசனம் உங்கள் கைக்கு வந்தாலும், யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வசனத்துக்கு ஒரு வீடு உண்டு. அங்கே போய்ப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும்.

யோபு 8:7-ஐயே எடுத்துக்கொள்வோம். சொன்னவன் பில்தாத். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யோபின் மூன்று நண்பர்களையும் பார்த்து, என்னைக்குறித்து நீங்கள் “நிதானமாய்ப்” பேசவில்லை என்று கடிந்துகொள்கிறார் (42:7). இதைச் சொன்னதும் அத்தான் மடக்கினார். “மாப்பிள்ளை, கடைசியில் யோபுவின் முடிவு சம்பூரணமாகத்தானே இருந்தது? அப்படியானால் அவன் சொன்னது பலித்துவிட்டதே!” நல்ல கேள்வி. 42:12-இல் யோபின் பின்நிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான். நண்பர்கள் வாயில் வந்ததெல்லாம் பொய் என்றும் சொல்லமுடியாது. இன்னொரு நண்பனான எலிப்பாஸின் ஒரு வரியை அப்போஸ்தலன் பவுலே எடுத்தாள்கிறார் (1 கொரிந்தியர் 3:19). ஆனால் பில்தாத் சொன்ன வழியில் அது நடக்கவில்லை. யோபு ஒளித்துவைத்த பாவம் எதையும் அறிக்கையிட்டு வாழ்வைத் திரும்பப் பெறவில்லை. உன் துன்பத்துக்கு உன் பாவமே காரணம் என்ற நண்பர்களின் கணக்கைத்தான் அந்தப் புத்தகம் உடைக்கிறது. உடைக்கப்பட்ட கணக்கிலிருந்து ஒரு வரியை எடுத்து வாக்குத்தத்தம் (தேவன் தரும் வாக்கு) என்று மாட்டுகிறோம். அதன் கீழே நின்று ஒரு தகப்பன் வாசிக்கிறார்.

இன்னொன்று, எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று தொடங்கும் வசனம். வேலை தேடும் பிள்ளைகளுக்கும் வரன் பார்க்கும் வீடுகளுக்கும் இதை வாழ்த்தாக அனுப்பாதவர்கள் குறைவு. அதன் வீட்டுக்குப் போனால் அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லோரும் ஊர் திரும்பிவிடலாம் என்று கர்த்தர் பெயரால் சொல்கிறான். யாருக்குத்தான் பிடிக்காது? அதற்கு எதிராக வந்த கடிதம் சொல்வது, எழுபது வருடம். 29:10-ஐ வாசித்துவிட்டு 11-க்கு வாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது மேலே உள்ள பகுதி. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தபிறகும் அந்த வசனம் ஆறுதலானதுதான். நேர்முகத் தேர்வுக்கு முந்தின இரவின் ஆறுதல் அல்ல, அவ்வளவுதான்.

தேர்வு அட்டையின் பின்புறம் பிலிப்பியர் 4:13-ஐ எழுதிவைக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” சிறையிலிருந்து பவுல் எழுதியது. முந்தின வசனத்தில் ‘எல்லாம்’ எது என்று அவரே சொல்லிவிடுகிறார். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். தோற்றுப்போன மாணவனுக்குத்தான் இந்த வசனம் அதிகமாக உதவும். அவனுக்கு யாரும் அதை எழுதிக் கொடுப்பதில்லை.

“கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்” என்பது யாத்திராகமம் 14:14. வழக்கு, சொத்துத் தகராறு என்றால் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். அடுத்த வசனத்தில் கர்த்தர் மோசேயிடம், என்னிடம் ஏன் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப்போகச் சொல் என்கிறார். ஒரே ஒரு வசனம் தள்ளிப் படித்திருந்தால் போதும்.

பழைய சொற்கள்

மேலே ‘நிதானமாய்’ என்ற சொல்லை மேற்கோளுக்குள் வைத்தேன். இன்றைக்கு அதைப் படிப்பவர், பதறாமல், மெதுவாகப் பேசவில்லை என்று புரிந்துகொள்வார். அங்கே அதன் பொருள் ‘சரியாக’. இப்படிச் சில சொற்கள் காலை வாரிவிடும். ‘ஆக்கினை’ என்றால் தண்டனை, கட்டளை அல்ல. ‘விருதா’ வீண். ‘பாடு’ என்பது பல இடங்களில் துன்பம். ‘சமாதானம்’ சண்டை ஓய்வது மட்டுமல்ல, நலமாக வாழ்வதும்தான். வாசிக்கும்போது தடுக்கிய சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, திருவிவிலியத்தில் அதே வசனத்தைப் பார்த்து, ஓரத்தில் பொருளை எழுதிவிடுங்கள். வேதப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று பாட்டி சொல்லியிருப்பார்கள். என் பாட்டியும் சொன்னார்கள். அவர்கள் காலமானபின் அவர்களுடைய வேதாகமத்தைத் திறந்தால் சங்கீதங்களின் ஓரம் முழுக்கப் பிள்ளைகளின் காய்ச்சல் தேதிகளும் பிரசவத் தேதிகளும்.

எந்தச் சட்டம் நமக்கு

வரிசையாக வாசித்தால் இந்தச் சிக்கல் வந்தே தீரும். லேவியராகமம் 19:18, உன்னில் அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரச் சொல்கிறது. 19:19, இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. அத்தான் கடையில் பாதிச் சரக்கு பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. ஒன்றை ஆணையாகவும் இன்னொன்றைப் பழங்கதையாகவும் எடுத்துக்கொள்ள நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இங்கேதான் ஒத்துவாக்கியப் பதிப்பு கைகொடுக்கும். 19:18-க்கு எதிரே சிறிய எழுத்தில் உள்ள குறிப்புகளைப் பின்தொடருங்கள். இயேசு அதை எடுத்துச் சொல்கிறார் (மத்தேயு 22:39), பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது சொல்கிறார், யாக்கோபு சொல்கிறார். துணிச் சட்டத்தைப் புதிய ஏற்பாட்டில் யாரும் எடுத்து வைக்கவில்லை. புறஜாதியாரிடமிருந்து (யூதரல்லாதவர்களிடமிருந்து) விசுவாசத்துக்கு வந்தவர்கள்மேல் மோசேயின் சட்டம் முழுவதையும் சுமத்தவேண்டுமா என்ற கேள்வியை எருசலேமில் கூடி விவாதித்ததை அப்போஸ்தலர் 15 விவரிக்கிறது. அதை ஒருமுறை நிதானமாக (இன்றைய பொருளில்) வாசித்துவிடுங்கள். எல்லாக் கேள்விக்கும் இந்த முறையில் விடை கிடைக்காது. ஆனால் ‘எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்’ என்ற நிலையிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

பிரசங்கம் கேட்பது எப்படி

ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கத்தில் சொல்லப்படும் வசனங்களின் எண்ணை மட்டும் எழுதுங்கள். கதைகளையும் நகைச்சுவைகளையும் எழுதவேண்டாம், அவை தாமாகவே நினைவில் நிற்கும். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபின் அந்த எண்களைத் திறந்து மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இது அவிசுவாசம் அல்ல. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதைக் கேட்டுவிட்டு “காரியங்கள் இப்படியிருக்கிறதா” என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11. பவுலையே சோதித்துப் பார்க்கலாம் என்றால் நம் ஊர்க் கன்வென்ஷன் பிரசங்கியாரைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

முரண்பாடு தெரிந்தால் ஆராதனை முடிந்ததும் வாசலில் கைகொடுக்கும்போது ஐயரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள், அவருக்கும் பசி. வாரநாளில் போய், “ஐயா, அந்த வசனத்தின் முன்பகுதியை வாசித்தேன், எனக்கு இப்படித் தோன்றுகிறது, சரிதானா?” என்று கேளுங்கள். நான் கேட்டவரையில் பெரும்பாலோர் மகிழ்ந்துதான் போகிறார்கள். ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார். அதுவும் ஒரு பதில்தான்.

வசனம் சொல்லப்படுகிறது என்பதாலேயே அது வேதத்தின்படியான பேச்சு ஆகிவிடாது. வனாந்தரத்தில் சோதனைக்காரனும் வசனம் சொன்னான். நம் வீடுகளில் இரவு ஜெபத்தில் சொல்லும் 91-ஆம் சங்கீதம்தான். மத்தேயு 4:6-ஐயும் சங்கீதம் 91:11-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “உன் வழிகளிலெல்லாம்” என்ற சொற்கள் அவன் வாயில் காணாமல் போயிருக்கும். இயேசு அதற்கு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தைத்தான் பதிலாகச் சொன்னார்.

வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வசனம் எழுதிய அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. நானும் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும், கேக் வெட்டும் முன்போ பின்போ, அந்த வசனம் உள்ள முழு அதிகாரத்தையும் குடும்பமாக உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். அட்டையின் பின்புறத்தில், சொன்னவர் யார், கேட்டவர் யார் என்று இரண்டு வரி எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். வாட்ஸ்அப்பில் காலையில் வரும் பூப்படம் போட்ட வசனங்களுக்கும் இதே வைத்தியம்தான். முழு அதிகாரம் வாசிக்க நேரமில்லாத நாளில் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்.

நாளுக்குள் கொண்டுவருவது

வாரத்துக்கு ஒரே ஒரு வரியை, செய்வதற்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்த பகுதியில் நம்மைச் சங்கடப்படுத்திய வரியாக இருந்தால் நல்லது. யாக்கோபு இரண்டாம் அதிகாரம், பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுக்கும் சபையைப் பற்றிப் பேசுகிறது. அந்த வாரம் ஆராதனைக்குப் போனால் யார் எங்கே உட்கார்கிறார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவதில்லை, கல்லறைத் தோட்டத்தில் சுவர் எதற்காக இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். சாதியைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதே இல்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு வரன் விளம்பரத்தை அந்த அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

குடும்ப ஜெபத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு பகுதியை ஒருவர் வாசிக்கட்டும், பிள்ளைகள் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லட்டும், ஒரு பாட்டு, ஒரு ஜெபம். எங்கள் வீட்டில் ‘யார் சொன்னது?’ என்று கேட்டவுடன் சின்னவன் எதற்கும் “பில்தாத்” என்றுதான் கத்துவான்.

அத்தான் வீட்டிலும் போன வருடம் லேவியராகமம் வாசித்தார்கள், என் நச்சரிப்பு தாங்காமல். பத்தொன்பதாம் அதிகாரத்தில் 13-ஆம் வசனம், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது. அத்தான் வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். கடையில் வேலை செய்யும் நான்கு பெண்களுக்கு வாரக்கூலி. சனிக்கிழமை கணக்கு முடித்து, திங்கட்கிழமை காலையில் கொடுப்பதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வராமல் இருந்துவிடக்கூடாது என்பதற்காக. இப்போது சனிக்கிழமை இரவு எட்டரைக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். அந்த நேரத்தில் நான் அங்கே போனால் கல்லாவுக்கு மேலே அந்த வெல்வெட் சட்டம் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது தெரியும். ஐயர் ஜெபித்து மாட்டியது, கழற்றமாட்டேன் என்கிறார் அத்தான்.